வோங் ஃபெய் ஹங் ஆறு படங்கள்: கடைசியிலிருந்து முதல் வரை

குங்ஃபூ படம்னு பேச்செடுத்தாலே நம்ம ஆட்கள் மூணு பேரைச் சொல்வாங்க. புரூஸ் லீ, ஜாக்கி சான், ஜெட் லீ. இதுல மூணாவது ஆளைப் பத்திப் பேசறவங்களும் அவர் ஹாலிவுட்டுக்குப் போனப்புறம் நடிச்ச படங்களைத்தான் பேசறாங்க. 'லீத்தல் வெப்பன்' நாலாம் பாகம், 'ரோமியோ மஸ்ட் டை'... ஐயா சாமிகளா, அதெல்லாம் கடைசிப் பந்தி. தலைவாழை இலை போட்ட விருந்து ஹாங்காங்லயே முடிஞ்சு போச்சு.

அந்த விருந்தோட பேர் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா'. 1991ல ஆரம்பிச்சு 1997 வரைக்கும் ஆறு படங்கள். முதல் மூணுலயும் ஆறாவதுலயும் ஜெட் லீ ஹீரோ. நாலாவதும் அஞ்சாவதும் வின்சென்ட் ஜாவ். 1, 2, 3, 5 ஆகிய படங்களை இயக்கியவர் சுய் ஹார்க். நாலாவதை யூயென் பன், ஆறாவதை சம்மோ ஹங். ஆறுக்கும் மூளை சுய் ஹார்க்தான்.

இந்த ஆறையும் வரிசைப்படுத்தறதுதான் இந்தப் பதிவு. எச்சரிக்கை: முடிவு உட்பட எல்லாக் கதையையும் போட்டு உடைக்கப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. முப்பது வருஷப் பழைய படத்துக்கு இதுக்கு மேல ரகசியம் காக்க முடியாது :-)

ஆள் யாரு?

வோங் ஃபெய் ஹங் கற்பனைப் பாத்திரம் இல்லை. நிஜமா வாழ்ந்த மனுஷர். தெற்குச் சீனாவுல ஃபோஷான் பக்கம் 1847ல பிறந்தவர். குங்ஃபூ ஆசான், கூடவே மருத்துவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடறது, காயத்துக்கு மருந்து கொடுக்கறதுன்னு 'போ சி லாம்'ங்கற பேர்ல வைத்தியசாலை நடத்தினார். அடிக்கிற கையும் அவரோடதுதான், கட்டுப் போடற கையும் அவரோடதுதான். நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்கள் இப்படித்தான். எங்கே தட்டினா ஆள் விழுவான்னு தெரிஞ்சவருக்குத்தான், விழுந்தவனை எங்கே தட்டினா எழுப்பலாம்னும் தெரியும்.

இவரைப் பத்தி ஹாங்காங் சினிமா எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. 1949ல க்வான் டாக் ஹிங்னு ஒரு நடிகர் வோங் ஃபெய் ஹங்கா நடிக்க ஆரம்பிச்சார். எழுபதுக்கும் மேல படங்கள்ல அதே வேஷம்! ஜாக்கி சானைப் பெரிய ஆளாக்கின 'டிரங்கன் மாஸ்டர்' (1978) இருக்கே, அதுல வர்ற குறும்புக்காரப் பையனும் இதே வோங் ஃபெய் ஹங்தான், இளவயசு.

சுய் ஹார்க் 1991ல இதே ஆளைக் கையில எடுத்தப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச கதையையே திரும்ப எடுக்கலை. ஒரு கேள்வியைக் கூடச் சேர்த்தார். அந்தக் கேள்விதான் என் அளவுகோலும்.

எதை வெச்சு மார்க்?

சண்டையை மட்டும் வெச்சு மார்க் போடறது சுலபம். சண்டைக்காக மட்டும் பார்க்கறதுன்னா யூட்யூப்ல அஞ்சு நிமிஷத் துண்டு போதும், முழுப்படம் எதுக்கு?

இந்த வரிசை முழுக்க ஒரே ஒரு பயம் ஓடுது. துப்பாக்கி வந்தாச்சு. நீராவிக் கப்பல் வந்தாச்சு. ரயில் வந்தாச்சு, தந்தி வந்தாச்சு, புகைப்படம் வந்தாச்சு, கடைசியில சினிமா கேமராவும் வந்தாச்சு. வெள்ளைக்காரன் ஒவ்வொரு துறைமுகமா வாங்கிட்டுப் போறான். இந்த நேரத்துல, இருபது வருஷம் காலையில எழுந்து காலைத் தூக்கிப் பழகின ஒரு மனுஷனோட உதைக்கு என்ன மதிப்பு? வோங் ஃபெய் ஹங் மாதிரி ஒரு நல்ல மனுஷன் இதை எப்படித் தாங்குவான்? வந்தவனை வெறுக்கறதா? அவனை மாதிரியே மாறறதா? வேற வழி ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்வியை எந்தப் படம் நேருக்கு நேர் பார்க்குதோ அதுக்கு மேல இடம். எது பார்க்காம சிங்க ஆட்டம் ஆடித் தப்பிக்குதோ அதுக்குக் கீழ் இடம். அவ்ளோதான் விதி.

6. நாலாம் பாகம் (1993)

சிங்க ஆட்டம்னு சொன்னேனே, அது இதுதான். ஜெட் லீ விலகிட்டார். புதுப் பையன் வின்சென்ட் ஜாவ். அவர்மேல எனக்குக் குறையே இல்லை. நல்ல வுஷு பயிற்சி, வேகமான கால். ஆனா படத்துக்குச் சொந்தமா ஒரு யோசனை இல்லை. மூணாம் பாகத்துல சிங்க ஆட்டப் போட்டி நல்லா எடுபட்டுச்சுன்னு இதுல சர்வதேச சிங்க ஆட்டப் போட்டி! வெளிநாட்டுக்காரங்க ஆளுக்கொரு மிருக பொம்மையோட வர்றாங்க. திருவிழா ஊர்வலம் மாதிரி இருக்கு.

ரெண்டாம் பாகத்துல வெள்ளைத் தாமரைக் கூட்டம் வெளிநாட்டுப் பொருளையெல்லாம் கொளுத்துச்சு, அதனால இதுல சிவப்பு விளக்குப் பெண்கள் கூட்டம். இது வரலாற்றுல நிஜமா இருந்த அமைப்பு. 1900ல பாக்ஸர் கிளர்ச்சி நடந்தப்போ அதோட சேர்ந்து நின்ன பெண்கள். எவ்வளவு பெரிய விஷயம்! வீட்டுக்குள்ள கிடந்த பெண்கள் ஆயுதம் எடுத்தாங்கன்னா அவங்க கோபம் எங்கேர்ந்து வந்துச்சு? படத்துக்கு அதுல அக்கறையே இல்லை. கயிறு கட்டிப் பறக்க விட்டுட்டு அடுத்த சீனுக்குப் போயிடுது.

கடைசியில எட்டு நாட்டுப் படை வந்து பீஜிங் விழுந்துடுது. பெரிய சோகம் வந்திருக்கணும். வரலை. பொம்மைச் சண்டைக்கு நடுவுல ஒரு நாடு விழறது யாருக்கும் கேட்கலை.

5. ஆறாம் பாகம்: சைனா அண்ட் அமெரிக்கா (1997)

ஜெட் லீ திரும்பி வந்தார், இயக்கம் சம்மோ ஹங், படப்பிடிப்பு டெக்ஸாஸ். (சுய் ஹார்க் சினிமா படிச்சதே டெக்ஸாஸ்லதாங்கறது ஒரு சுவாரசியமான கொசுறு.) வோங் ஃபெய் ஹங் அமெரிக்காவுல இருக்கற தன் சிஷ்யனோட வைத்தியசாலையைப் பார்க்கப் போறார். வழியில ஆத்துல விழுந்து நினைவு போயிடுது. செவ்விந்தியர்கள் காப்பாத்தறாங்க. கொஞ்ச நேரம் அவங்கள்ல ஒருத்தரா இருக்கார்.

அடடா, தலையில அடிபட்டு நினைவு போற கதை! நம்ம ஊர்ல எத்தனை படத்துல பார்த்திருக்கோம். இன்னொரு அடி பட்டா திரும்ப வரும்னு நமக்குத் தெரியாதா?

ஆனா இந்தப் படத்தைக் கடைசியில வைக்க மனசு வரலை. காரணம் இருக்கு. முதல் பாகத்துல அமெரிக்கால 'தங்க மலை' இருக்கு, போனா அள்ளலாம்னு ஆசை காட்டி ஏழைச் சீனர்களைக் கப்பல் ஏத்தற கும்பல் வரும். அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு காட்டற படம் இது. தங்கமும் இல்லை, மலையும் இல்லை. புழுதி பறக்கற ஒரு ஊர், கூலி வேலை, எது காணாமப் போனாலும் முதல்ல சீனன்மேல பழி. 1882லேயே சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாதுன்னு அமெரிக்கா சட்டம் போட்டுச்சு. அந்த வரலாறு இந்த ஜாலியான படத்துக்கு அடியில கிடக்கு. வங்கிக் கொள்ளைப் பழியைத் தலையில கட்டி, சீனர்களைத் தூக்கு மேடையில நிறுத்தற காட்சியில சிரிப்பு நின்னு போகும்.

கூலிக் கப்பல் ஏறின கதை நமக்கும் உண்டே. இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயா ரப்பர் தோட்டம், பிஜி கரும்புத் தோட்டம். தேங்காயும் மாசியும் விளையற ஊர்னு சொல்லித்தான் நம்ம ஆட்களையும் கூட்டிட்டுப் போனாங்கன்னு மலையகத்துல இன்னமும் சொல்றாங்க. அந்த நினைவோட பார்த்தா இந்தப் படம் கொஞ்சம் கூடவே வலிக்கும்.

4. மூணாம் பாகம் (1993)

இங்கே சண்டை வரும்னு தெரியும். நிறைய பேர் இதை மூணாவது இடத்துல வைப்பாங்க. முதல் ஜெட் லீ முப்படத் தொகுப்போட முடிவு, அதனால மரியாதை.

கதை பீஜிங்குக்குப் போகுது. மகாராணி ட்சூஷி, அமைச்சர் லீ ஹொங்ஜாங் எல்லாரும் இருக்காங்க. பெரிய சிங்க ஆட்டப் போட்டி. இன்னொரு பக்கம் ரஷ்யாக்காரன் ஒருத்தன் சினிமா கேமராவோட வந்து ஹீரோயின்கிட்ட வழியறான். லீ ஹொங்ஜாங்கைக் கொல்ல நடக்கற சதி அந்த கேமராவுல பதிவான படத்தாலயே வெளியே வருது. யோசிச்சுப் பாருங்க, வெளிநாட்டு இயந்திரமே வெளிநாட்டான் சதியைக் காட்டிக் கொடுக்குது! இந்த ஒரு ஐடியாவுக்காகவே சுய் ஹார்க்குக்கு ஒரு சலாம்.

அப்புறம் அந்தக் கோணக்கால் ஏழு. ஹங் யான் யான்னு ஒரு நடிகர். வில்லனோட அடியாளா வந்து, கால் உடைஞ்சதும் முதலாளியால குப்பையா வெளியே வீசப்படறான். வோங் அவனைத் தூக்கிட்டு வந்து வைத்தியம் பார்க்கறார். முதல்ல நாய் மாதிரி பல்லைக் காட்டறவன் கொஞ்சம் கொஞ்சமா மனுஷனா மாறற காட்சிகள்தான் படத்தோட உயிர். மேலே சொன்னேனே, அடிக்கிற கையும் கட்டுப் போடற கையும்னு... அந்த ரெண்டாவது கையை இந்த வரிசையில இவ்வளவு அழகா வேற எங்கேயும் காட்டலை.

அப்புறம் ஏன் நாலாவது? மிச்ச நேரமெல்லாம் சிங்கம், சிங்கம், சிங்கம். வண்ணம் கண்ணைப் பறிக்குது, ஆனா யார் எங்கே நிக்கறாங்கன்னே தெரியாம கடைசி அரை மணி ஓடுது. ஜெயிச்ச பதக்கத்தை லீ ஹொங்ஜாங்கிட்டயே திருப்பிப் போட்டுட்டு வோங் நடக்கறது மட்டும் நல்ல முடிவு. உள்ளுக்குள்ளயே போட்டி போட்டு அடிச்சுக்கிட்டா வெளியில இருக்கறவன்தான் சிரிப்பான்ங்கற எண்ணம் அதுல இருக்கு. ஆனா அந்த எண்ணத்தைச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் அதே போட்டியை நமக்கு விருந்தா வெச்சுட்டாங்களே!

3. அஞ்சாம் பாகம் (1994)

கல்லெறியறவங்க இப்ப எறியலாம். ஜெட் லீ இல்லாத படத்தை ஜெட் லீ படத்துக்கு மேல வைக்கறேன். காரணம் சொல்றேன், கேட்டுட்டு எறிங்க.

பீஜிங் விழுந்தாச்சு. வோங்கும் சிஷ்யர்களும் தெற்கே வர்றாங்க. கடலோர ஊர். அங்கே அரசாங்கம்னு ஒண்ணு செயல்படவே இல்லை. கடற்கொள்ளைக்காரங்க அட்டகாசம். கேட்க நாதி இல்லை. இதுவரைக்கும் வோங் ஃபெய் ஹங் எதிர்த்தவங்களெல்லாம் ஏதோ ஒரு அதிகாரம்: தூதரகம், தளபதி, அமைச்சர். இங்கே எதிர்க்கறதுக்கே அதிகாரம் இல்லை. ஊரைக் காப்பாத்தற வேலை வைத்தியர் தலையில வந்து விழுது.

அப்பதான் அது நடக்குது. வோங் ஃபெய் ஹங் கூட்டம் துப்பாக்கியைத் தூக்குது! நாலு படமா எந்தப் பொருளைப் பார்த்து இந்த வரிசை நடுங்குச்சோ அதையே எடுத்துச் சுடறாங்க. அந்தச் சண்டையைப் பார்த்தா குங்ஃபூ படம் மாதிரியே இருக்காது, அந்தக் காலத்து ஹாங்காங் துப்பாக்கிப் படங்கள் மாதிரி இருக்கும். பலருக்கு இது பிடிக்கலை. 'இது வோங் ஃபெய் ஹங்கே இல்லை'ன்னு கோபம். எனக்கு அதுதான் நேர்மையாப் படுது. ஊர் பத்திக்கிட்டு எரியும்போது 'நான் கையால மட்டும்தான் அடிப்பேன்'னு நிக்கறது வீரமா, வீம்பா?

பாதிக்கு மேல படம் கடற்கொள்ளைக்காரங்க குகைக்குள்ள போய் மாயாஜாலக் கதையா மாறிடுது. நூறு வயசைத் தாண்டின கிழட்டுக் கொள்ளைக்காரன் ஒருத்தன் வேற பறந்து பறந்து அடிக்கறான். அங்கே மார்க் குறைச்சாச்சு. ஆனாலும், அஞ்சாவது பாகத்துல போய் தன் முதல் கேள்விக்குப் புதுசா ஒரு பதில் யோசிச்ச வரிசை வேற எது இருக்கு? அதுக்கு மூணாமிடம் தகும்.

2. முதல் பாகம் (1991)

இப்ப பெருசுங்க ரெண்டு. எது முதல், எது ரெண்டுன்னு முடிவு பண்ணத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

ஆரம்பமே கப்பல் தளத்துல சிங்க ஆட்டம். பட்டாசு வெடிக்குது. பக்கத்துல நிக்கற பிரெஞ்சுக் கப்பல்காரன் அதைத் துப்பாக்கிச் சத்தம்னு நினைச்சு சுடறான். சிங்கம் ஆடினவன் விழறான். வோங் ஃபெய் ஹங் கயிறு பிடிச்சு ஏறி சிங்கத் தலையைக் கீழே விடாம ஆட்டத்தை முடிக்கறார். கதை முழுக்க இந்த ஒரு காட்சியிலேயே இருக்கு. ஒருத்தனோட கொண்டாட்டம் இன்னொருத்தன் காதுல போரா விழுது.

இன்னொரு காட்சி. தேநீர்க் கடையில சீன இசைக்காரங்க வாசிக்கறாங்க. தெருவுல பாதிரியார் கூட்டம் அல்லேலூயா பாடிட்டுப் போகுது. இவங்க விடாம சத்தத்தைக் கூட்டறாங்க, போட்டி நடக்குது. அப்போ துறைமுகத்துலேர்ந்து கப்பல் சங்கு ஊதுது. ரெண்டு பாட்டும் அமுங்கிப் போச்சு! மதத்தையும் மரபையும் சேர்த்து முழுங்கினது வியாபாரமும் நீராவியும்னு வசனமே இல்லாம சொல்லிட்டார் மனுஷன்.

ஆனா நான் இந்தப் படத்தை நினைக்கறப்போ வர்ற முகம் ஜெட் லீயோடது இல்லை. இரும்பு உடல் யிம். வடக்கேர்ந்து வந்த ஒரு வித்தைக்காரக் கிழவர். நடிச்சவர் யென் ஷி க்வான். தெருவுல வித்தை காட்டிச் சில்லறை பொறுக்கறார். உடம்புல ஈட்டி பாயாது, ஆனா வயிறு பசிக்குது. பேர் வாங்கணும், ஒரு பள்ளி திறக்கணும், அதுக்கு வோங் ஃபெய் ஹங்கைத் தோற்கடிக்கணும். பணத்துக்காக ரவுடிக் கும்பலோட சேர்றார். கிடங்குல மூங்கில் ஏணிகள்மேல ரெண்டு பேரும் போடற சண்டை உலகப் புகழ். (ஜெட் லீக்குக் காலில அடிபட்டதால சில இடங்கள்ல டூப். உத்துப் பார்த்தா தெரியும், ஆனா யார் உத்துப் பார்ப்பாங்க அந்த வேகத்துல?)

இவ்வளவு பெரிய ஆள் எப்படிச் சாகறார்? குங்ஃபூவால இல்லை. துப்பாக்கிக் குண்டுகளால, வரிசையா, அசிங்கமா. சாகும்போது, நம்ம வித்தை குண்டுக்கு முன்னாடி நிக்காதுன்னு வோங்கிட்ட சொல்லிட்டுப் போறார். வாழ்நாள் முழுக்க உடம்பை இரும்பாக்கினவர் வாயிலேர்ந்து வர்ற வார்த்தை அது. கைத்தறி நெய்தவரும், தட்டச்சு சொல்லிக் கொடுத்தவரும், போட்டோ ஸ்டுடியோவுல டார்க் ரூம் வெச்சிருந்தவரும் அந்தக் காட்சியைப் பார்த்தா வேற உரை தேவையில்லை. தொழில் கையைவிட்டுப் போற வலி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

பதிமூணாம் சித்தியைப் பத்தியும் சொல்லணும். ரோசமண்ட் குவான். ஆங்கில சப்டைட்டில்ல 'ஆன்ட்டி'ன்னு வரும். சீனத்துல அந்தச் சொல் அம்மாகூடப் பிறந்தவங்களைக் குறிக்கறது. அதாவது நம்ம கணக்குல சித்தி! ரத்த உறவு இல்லை, முறை மட்டும்தான். ஆனா முறை முறைதானே? அவங்களைக் காதலிக்கறதுல வோங் படற தர்மசங்கடம் வெள்ளைக்கார விமர்சகர்களுக்குப் புரியறதில்லை, நமக்கு நொடியில புரியும். கோட்டு தைக்க அளவெடுக்கற சாக்குல அவரோட நிழலை அவங்க தொடற காட்சி இருக்கே... ஒரு முத்தம்கூட இல்லாத காதல் காட்சிகள்ல எனக்கு அதுதான் முதல்.

அப்புறம் ஏன் ரெண்டாவது இடம்? ஒரே குறை. பாதிரியார் ஒருத்தரைத் தவிர வெள்ளைக்காரங்க எல்லாரும் அட்டை வில்லன்கள். கெட்டவன் எல்லாம் வெளியேர்ந்து வந்தவன், அவன் காசுக்கு ஆடற ரவுடிங்க ரெண்டு பேர், அவ்ளோதான். துப்பாக்கி பத்தின கேள்வியைப் பிரமாதமா கேட்டுட்டு, 'யார் எதிரி'ங்கற கேள்வியில மட்டும் சுலபமான பதிலோட நின்னுடுது.

1. ரெண்டாம் பாகம் (1992)

ரெண்டாம் பாகம்தான் பெஸ்ட்னு பலரும் சொல்வாங்க. 'டானி யென் சண்டைக்காகத்தானே?'ன்னு கேட்டா ஆமான்னு தலையாட்டுவாங்க. எனக்கும் அந்தச் சண்டை பிடிக்கும். சண்டை அமைப்பு யூயென் வூ பிங், பின்னாடி 'தி மேட்ரிக்ஸ்'க்குப் போனவர். ஈரத்துணியை முறுக்கினா அது கம்பாகும்னு யாருக்குத் தோணும்? நம்ம வீட்டுல துணி பிழியற அதே முறுக்கு! அது மூங்கிலைப் பிளக்குது, செவுத்தைப் பேர்க்குது. கடைசியில பிளந்த மூங்கில் சிம்பு ஒண்ணே டானி யென் கதையை முடிக்குது. பத்து வருஷம் கழிச்சு 'ஹீரோ' (2002) படத்துல ரெண்டு பேரும் திரும்ப மோதினாங்க. அது அழகு, இது உக்கிரம்.

ஆனா நான் முதலிடம் கொடுக்கறது அதுக்கு இல்லை.

வருஷம் 1895. சீனா ஜப்பான்கிட்டத் தோத்து தைவானை எழுதிக் கொடுத்திருக்கு. ஊரெல்லாம் அவமானம், ஆத்திரம். வெள்ளைத் தாமரைன்னு ஒரு கூட்டம் கிளம்புது. எங்க குருவைக் குண்டு துளைக்காதுன்னு மந்திரம் சொல்றாங்க. வெளிநாட்டுப் பொருள் எதைப் பார்த்தாலும் கொளுத்தறாங்க. வெளிநாட்டு நாயைக்கூட விடலை. கவனிங்க, இவங்க கோபத்துக்குக் காரணம் இருக்கு. முதல் பாகத்துல நாம எந்த அநியாயத்தைப் பார்த்துக் கொதிச்சோமோ அதே அநியாயம்தான். முதல் பாகத்துக்குக் கைதட்டின ரசிகன் கையைப் பிடிச்சு, 'அந்தக் கொதிப்பு இங்கேயும் வரும் பாரு'ன்னு சுய் ஹார்க் காட்டறார்.

அவங்க பாயறது யார்மேல? வெளிநாட்டு மொழி சொல்லிக் கொடுக்கற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கமேல. சீனப் பிள்ளைங்க. சின்னஞ்சிறுசுங்க. அவங்க செஞ்ச குத்தம் வேற மொழி படிச்சது. வோங் ஃபெய் ஹங், முதல் பாகத்துல வெள்ளைக்காரனோட மோதின அதே வோங், அந்தப் பிள்ளைங்களைக் காப்பாத்தறதுக்குத் தன் நாட்டு ஆளுங்களையே அடிக்கறார். ஒளிச்சு வைக்க இடம் தேடி பிரிட்டிஷ் தூதரகத்துக்கே கூட்டிட்டுப் போறார்!

நமக்கு மொழிமேல பிரியம் கொஞ்சம் கூடுதல். இருக்கட்டும், இருக்கணும். அதனாலதான் இந்தக் காட்சி என்னை உலுக்குது. தன் மொழிக்காக நிக்கறது ஒண்ணு. வேற மொழி படிக்கற பிள்ளை தலையில கல்லைப் போடறது முழுக்க வேற ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கேன்னு ஒரு மசாலாப் படம் இவ்வளவு தெளிவாக் காட்டும்னு நான் எதிர்பார்க்கலை. கோபத்துல நியாயம் இருக்கலாம், அந்தக் கோபத்தோட கை எங்கே போகுதுங்கறதை வெச்சுத்தான் மனுஷனை எடை போடணும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு காட்சி. மருத்துவ மாநாட்டுல அக்குபங்சர் பத்தி வோங் பேச, அதை ஆங்கிலத்துல மொழிபெயர்க்கறவர் சுன் யாட் சென். பின்னாடி சீனக் குடியரசோட முதல் தற்காலிகத் தலைவரானவர். நிஜத்துலயும் ஹாங்காங்ல மேற்கத்திய மருத்துவம் படிச்ச டாக்டர். அப்புறம் தூதரகத்துக்குள்ள காயம்பட்டவங்க குவியறப்போ, மயக்க மருந்து இல்லை. வோங் ஊசி குத்தி வலியை நிறுத்தறார், சுன் கத்தியை எடுக்கறார். ரெண்டு மருத்துவம், ஒரே நோயாளி. இந்தச் சந்திப்பு கற்பனைதான். ஆனா துப்பாக்கி வந்தப்புறம் நாம என்ன ஆவோம்ங்கற பயத்துக்கு இந்த வரிசை கொடுத்த நல்ல பதில் இதுதான். உன் ஊசியையும் விடாதே, அவன் கத்தியையும் கத்துக்கோ.

வெள்ளைத் தாமரைக் குருவோட முடிவும் பொருத்தம். கடவுள் தன்னைக் காப்பாத்தும்னு ஊரை நம்ப வெச்சவன், கடவுள் சிலையோட கையிலேயே குத்திச் சாகறான். டானி யென் நடிச்ச தளபதியும் அரசாங்கத்தோட ஆள்தான். ஆக, ரெண்டு வில்லனும் சீனர்கள். 1992ல, இன்னும் அஞ்சு வருஷத்துல சீனாவோட சேரப்போற ஹாங்காங்ல உட்கார்ந்து இப்படி ஒரு படம் எடுக்கத் தைரியம் வேணும். பல வருஷம் கழிச்சு வந்த 'இப் மேன்' (2008 - 2019) நாலு படங்களையும் பாருங்க. சண்டை அபாரம், ஆனா ஜப்பான்காரன், வெள்ளைக்கார பாக்ஸர், அமெரிக்க ராணுவக்காரன்னு அடிச்சு ஜெயிக்க வெளியாள் ஒருத்தன் கிடைச்சுக்கிட்டே இருக்கான். ரெண்டாம் பாகம் போட்ட பாதையில அப்புறம் யாரும் அதிகமா நடக்கலைங்கறதுதான் என் வருத்தம்.

எதிர்பார்க்கற குட்டுகள்

'ஜெட் லீ ஆடறது வடக்கத்தி வுஷு, நிஜ வோங் ஃபெய் ஹங் தெற்கத்தி ஹங் கர்'ங்கற பழைய புகார் ஒண்ணு உண்டு. உண்மைதான். அந்தப் பாணி சுத்தமா வேணும்னா லாவ் கர் லியூங் படங்களைப் பாருங்க. அவர் அப்பா, வோங்கோட சிஷ்யர் லாம் சாய் விங்கிட்டக் கத்துக்கிட்டவர். ஆனா ஜெட் லீ காலை உயர்த்தி, அங்கி நுனியை உதறி, ஒரு கையை முன்னால நீட்டி நிப்பாரே... அந்த நிற்கற அழகுக்கு நான் பாணியை மன்னிச்சாச்சு.

'சண்டைக்கு மட்டும் மார்க் போடு'ன்னு கேக்கறவங்களுக்கு: 2, 1, 3, 5, 6, 4. போதுமா?

புதுசா பார்க்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரம் இல்லைன்னா முதல் ரெண்டை மட்டுமாவது பாருங்க, ஆனா வரிசை மாத்தாதீங்க. முதல் படத்துல வர்ற கோபம் உங்களுக்குள்ள ஏறினாத்தான் ரெண்டாவது படம் அதைப் பிடுங்கிக் கீழே வைக்கறது உறைக்கும்.

டிஸ்கி: அஞ்சாம் பாகத்தை மூணாமிடத்துல வெச்சதுக்கு மட்டும் திட்டிப் பின்னூட்டம் போடறவங்க, படத்தைப் பார்த்துட்டுத்தான் திட்டணும். அது மட்டும்தான் இங்கே சட்டம். உங்க வரிசையையும் போடுங்க, கும்மியடிக்கலாம் :-)